கீழைத்தேயச் சிற்றுருவங்கள்: பொருளும் பிறப்பிடமும்

கலைப்பொருளொன்றைக் கண்டவிடத்து அதன் அழகை வியத்தல் எளிது. அஃது எப்பொருளால், எவ்விடத்து, எவராற் செய்யப்பட்டதென ஆராய்ந்து துணிதல் அரிது. வீடுகளின் கண்ணாடிப் பேழைகளிலும் பழம்பொருள் விற்போர் கடைகளிலும் காணப்படும் கீழைத்தேயச் சிற்றுருவங்களைப் பொறுத்தவரையில், அவ்வரிய பணி பெரும்பாலும் செய்யப்படாமலே விடப்படுகின்றது. தாமரைமேல் அமர்ந்த அணங்கு, தொந்தி குலுங்கச் சிரிக்கும் துறவி, மீன்கூடை தாங்கிய கிழவன் என்னும் இவற்றுள் எதனைக் கண்டாலும் ‘சீனத்துப் பொம்மை’ என்பர். வெண்மையோடு சிறிது மஞ்சட்சாயலும் உடையதாயின் ‘தந்தம்’ என்பர். பச்சை நிறத்ததாயின் ‘ஜேட் கல்’ என்பர். முகத்தைக் கண்டு நாட்டையும், நிறத்தைக் கண்டு பொருளையும் துணியும் இம்முறை தலைகீழானது. உருவம் நாடுவிட்டு நாடு எளிதிற் பெயர்ந்து செல்வது. பொருளும் தொழிலும் அத்துணை எளிதிற் பெயர்வனவல்ல. ஆதலின் இச்சிற்றுருவங்களின் பிறப்பிடத்தைத் துணியுமிடத்து உருவத்தை முதற் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. அஃது இறுதியில் வைத்து எண்ணத்தக்க சான்றேயாகும்.

சைவசித்தாந்த நூலோர் காரியத்தைக் கொண்டு காரணத்தைத் துணியுமிடத்துக் குடத்தை உவமையாகக் காட்டுவர். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரங்கள் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். மண்ணாலும் தீயாலும் ஆகிய சிற்றுருவங்களை ஆராய்வதற்கு இதனினும் பொருத்தமான வழியை வேறெங்கும் தேடவேண்டுவதில்லை. எதனாற் செய்யப்பட்டது, எவற்றைத் துணையாகக் கொண்டு செய்யப்பட்டது, எவராற் செய்யப்பட்டது என்னும் மூன்று வினாக்களையும் இவ்வரிசையிற் கேட்டல் வேண்டும். வரிசை பிறழின் விடையும் பிறழும்.

எடுத்துக்காட்டாக ஓர் உருவம்

இவ்வாராய்ச்சிக்குத் தக்க எடுத்துக்காட்டாக அமைவது, சீனத்தின் பூஜியன் மாகாணத்திலுள்ள தெஹுவா என்னும் இடத்திற் செய்யப்பட்ட வெண்பீங்கான் குவான்யின் உருவமாகும். குவான்யின் என்பது அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவருக்குச் சீனர் வழங்கும் பெயர். இந்தியாவில் ஆண் வடிவில் வழிபடப்பட்ட இவர், சீனத்திற் சொங் அரசர் காலந்தொட்டு (960–1279) மெல்ல மெல்லப் பெண் வடிவு பெற்று, அருள் சுரக்கும் அன்னையாயினர். தமிழ் மரபுக்கும் அவர் புதியவரல்லர். பதினோராம் நூற்றாண்டில் எழுந்த வீரசோழியம் என்னும் இலக்கண நூல், அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டனர் எனக் கூறுகின்றது. ஒரு நாட்டில் ஆசானாகவும் இன்னொரு நாட்டில் அன்னையாகவும் அமைந்த இவ்வொருவரின் வரலாறே, உருவம் எத்துணைத் தூரம் பெயரவல்லது என்பதற்குச் சான்றாகும்.

தெஹுவாவின் சூளைகள் சொங் காலத்திலேயே தொழிற்பட்டன. அவற்றின் வெண்பீங்கான் மிங் அரசின் பிற்பகுதியிலும் சிங் அரசின் முற்பகுதியிலும், அஃதாவது பதினேழாம் நூற்றாண்டையொட்டி, உச்சநிலை எய்தியது. அங்குத் தொழில் செய்த சிற்பிகளுள் ஹெ சாவோசொங் என்பவர் பெரும் புகழ் படைத்தவர். பிற்காலத்துப் பிரெஞ்சுக்காரர் இப்பீங்கானுக்குச் ‘சீன வெண்மை’ எனப் பொருள்படும் பெயரிட்டு வழங்கினர். தெஹுவாப் பீங்கானைக் கடல் கடத்திய துறைமுகம் சுவான்சௌ. சொங், யுவான் அரசர் காலத்து அத்துறைமுகத்தின் வரலாற்றுச் சின்னங்கள் 2021 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டபோது, தெஹுவாச் சூளைகளும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளப்பட்டன.

முதற்காரணம்: பொருள்

வெண்ணிறச் சிற்றுருவமொன்று கையில் எடுக்கப்படின், அது பீங்கானாயிருக்கலாம், தந்தமாயிருக்கலாம், எலும்பாயிருக்கலாம், செலுலோயிட்டாயிருக்கலாம், சலவைக்கற்பொடி கலந்த செயற்கைப் பிசினாயும் இருக்கலாம். தூரத்தே வைத்து நோக்குங்கால் இவ்வைந்தும் ஒன்றுபோலவே தோன்றும். அண்மையில் வைத்து நோக்குங்கால் ஒவ்வொன்றும் தன் இயல்பைத் தானே கூறும்.

பீங்கான் தொட்டவுடன் தண்ணென்றிருக்கும். எஃகு முனை அதன்மேற் கீறாது. விரலின் நுனி, ஆடையின் விளிம்பு ஆகிய மெல்லிய இடங்களில் விளக்கொளி ஊடுருவும். தெஹுவாப் பீங்கானின் தனிச் சிறப்பு, உடலும் மேற்பூச்சும் இரண்டெனப் பிரித்தறியவொண்ணாதவாறு ஒன்றிக் கிடத்தலாகும். அதன் களியில் இரும்புச்சத்து மிகக் குறைவு. காற்றோட்டமுள்ள சூளையிற் சுடப்பட்ட மிங் காலத்து உருவங்கள் பாலேடும் தந்தமும் போன்ற வெம்மையான வெண்மை உடையன. பிற்காலத்தனவற்றுட் பல நீலச்சாயல் படிந்த குளிர்ந்த வெண்மை உடையன. எனினும் நிறமொன்றை மாத்திரம் கொண்டு காலத்தைத் துணிதல் பிழையாய் முடியும்.

தந்தத்தின் இயல்பு வேறு. யானைத்தந்தத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில், பெரும்பாலும் உருவத்தின் அடிப்பாகத்தில், ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நுண்வரிகள் வலைபோலக் காணப்படும். இவை செறேகர் வரிகள் எனப்படும். தந்தத்தின் வெளிப்புறத்தை அடுத்த பகுதியில் இவ்வரிகள் வெட்டும் கோணம், இக்கால யானையின் தந்தத்தில் 115 பாகைக்கு மேற்பட்ட விரிகோணமாகவும், அழிந்துபோன மாமத யானையின் தந்தத்தில் 90 பாகைக்குக் குறைந்த கூர்ங்கோணமாகவும் அமையும். எலும்பில் இவ்வலை இராது. குருதி நாளங்கள் சென்ற வழிகள் கரும்புள்ளிகளாகவும் சிறு கோடுகளாகவும் தோன்றும். செயற்கைப் பொருளாற் செய்வோரும் தந்தத்தின் வரிகளை நடித்துக் காட்டுவர். ஆனால் அவை ஒன்றுக்கொன்று இணையாக ஓடுமேயன்றி வெட்டிச் செல்வதில்லை. 1870 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஹயற் என்பவர் உரிமம் பெற்ற செலுலோயிட்டு, தந்தத்துக்கு மாற்றாகப் பெரிதும் பயன்பட்டது. கற்பூரம் சேர்த்துச் செய்யப்படுவதாதலின், விரலால் தேய்த்துச் சூடேற்றினால் அம்மணமே அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். செயற்கைப் பிசினில் அச்சின் பொருத்துக்கோடும், அடங்கிய காற்றின் நுண்குமிழ்களும் காணப்படும்.

பச்சைநிற உருவங்களுக்கும் இதுவே முறை. ஜேட் எனப் பொதுவில் வழங்கும் பெயருள் நெப்ரைட்டு, ஜேடைட்டு என்னும் இரு வேறு கனிப்பொருள்கள் அடங்கும். மோசு என்பவரின் வன்மையளவில் முன்னையது 6 முதல் 6.5 வரையும், பின்னையது 6.5 முதல் 7 வரையும் நிற்பன. ஆதலின் சாதாரணக் கத்தி அவற்றைக் கீறாது. மாக்கல்லிலோ நகமே கீறும். கத்தி முனையில் மாவாய் உதிரும் உருவத்தை ஜேட் எனக் கூறி விற்பவன் ஏமாற்றுகின்றான். வாங்குபவன் கல்லையன்றி நிறத்தையே வாங்குகின்றான்.

காய்ச்சிய ஊசியாற் குத்திப் பொருளையறியும் வழக்கம் பலரிடத்தும் உண்டு. இது கண்டிக்கத்தக்கது. மெய்யான தந்தமாயின் அதில் அழியாத வடு உண்டாகும். செலுலோயிட்டாயின் தீப்பற்றவும் கூடும். உருப்பெருக்குக் கண்ணாடியும், புற ஊதா ஒளியும், நிறையறியும் தராசும் உள்ளபோது பொருளைக் காயப்படுத்தி உண்மை கேட்க வேண்டுவதில்லை. புற ஊதா ஒளியில் தந்தம் நீலங்கலந்த வெண்மையாய் ஒளிரும். செயற்கைப் பொருள்களுட் பல மங்கித் தோன்றும்.

இவ்விடத்துத் திறனாய்வாளன் கவனிக்க வேண்டிய உண்மையொன்றுண்டு. பொருள் உருவத்தைத் தாங்கும் வெறும் சுமைதாங்கியன்று. அதுவே உருவத்தை ஆக்குவதிலும் பங்குகொள்கின்றது. யானைத்தந்தம் வளைந்தது, ஆதலின் அதிற் செதுக்கிய உருவமும் ஒருபுறம் சாய்ந்து நிற்கும். தேர்ந்த சிற்பி அக்குறையைக் கருணையாற் குனியும் நிலையாக மாற்றிக் குணமாக்கி விடுகின்றான். பீங்கானுக்கு இவ்வளைவு கட்டாயமன்று. அதன் இடர் வேறு. சூளையின் கடுவெம்மையிற் களி இளகும். நீட்டிய கை தாங்குவாரின்றித் தளர்ந்து வீழும். ஆகவே தெஹுவாச் சிற்பி கைகளை மார்போடு சேர்க்கின்றான். அகன்ற கைச்சட்டையை முழந்தாள்வரை வீழவிடுகின்றான். ஆடையின் மடிப்புக்களை அடித்தளம்வரை இறக்குகின்றான். காண்போர் அமைதி என்றும் அடக்கம் என்றும் போற்றும் அப்பண்பு, தீயோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனுமாகும். செயற்கைப் பிசினில் வார்த்த உருவத்துக்கு அத்தகைய உடன்படிக்கை வேண்டுவதில்லை. அது தந்தத்தின் சாய்வையும், பீங்கானின் மடிப்பையும், உளியின் தடத்தையும் ஒருங்கே இரவல் வாங்கிக்கொள்கின்றது. காரணமின்றி வந்த காரியம் போன்ற அவ்வடிவமே அதன் போலித்தன்மையை உணர்த்தப் போதியதாகும்.

துணைக்காரணம்: தொழில்

பொருளை அறிந்தபின் தொழிலை அறிதல் வேண்டும். இதற்கு உருவத்தின் முகத்தை விட்டு அடிப்பாகத்தைத் திருப்பி நோக்குதல் நலம். விற்போன் முகத்துக்கு மெருகிடுவான், அடியை மறந்துவிடுவான்.

தெஹுவாவின் பழைய உருவங்கள் பெரும்பாலும் அச்சில் அழுத்திச் செய்யப்பட்டவை. முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியே அழுத்தப்பட்டு ஒட்டப்படும். தலையும் கைகளும் வேறாகச் செய்து பொருத்தப்படும். பின்னர் மடிப்புக்களும் விரல்களும் கையாலும் சிறு கருவிகளாலும் திருத்தப்படும். உள்ளே கூடாக உள்ள இவற்றின் அடிவழியே நோக்கினால், களியை அச்சோடு அழுத்திய விரல்களின் தடங்களைக் காணலாம். சுவர் ஓரிடத்துத் தடித்தும் ஓரிடத்து மெலிந்தும் இருக்கும். குழைத்த களிநீரை அச்சில் ஊற்றி வார்க்கும் முறையிற் செய்தனவோ உள்ளும் புறமும் ஒத்து, மென்மையான ஒரே அளவுச் சுவருடன் விளங்கும். முகங்கள் இரண்டும் ஒத்திருப்பினும் அடிப்பாகங்கள் இரண்டும் வெவ்வேறு வரலாற்றைக் கூறும்.

அளவும் ஒரு சான்றாகும். பீங்கான் களி உலர்ந்து சுடப்படுங்கால் பத்தில் ஒரு பங்கோ அதனினும் கூடவோ சுருங்கும். சுட்டு முடிந்த உருவமொன்றிலிருந்து அச்சு எடுத்து, அவ்வச்சினின்று வேறோர் உருவம் செய்யின், அப்படி அம்மூலத்தினும் சிறியதாகவே அமையும். படிக்குப் படி எடுப்பின் இன்னும் சிறுக்கும். மடிப்புக்களின் கூர்மையும் மழுங்கும். ஆகவே ஒரே சாயலுடைய இரு உருவங்களை அருகருகே வைத்து அளக்குமிடத்து, எது தாய், எது சேய் என்பது ஓரளவு புலப்படும்.

நிமித்தகாரணம்: செய்தோனும் செய்விடமும்

இவ்வளவையும் அறிந்தபின்னரே செய்தோன் யாவன், செய்த இடம் யாது என்னும் வினாவை எழுப்புதல் தகும். இங்கேதான் உருவத்தை மட்டும் நம்பியோர் பெரிதும் வழுக்கி வீழ்கின்றனர்.

சக்சனியை ஆண்ட இரண்டாம் ஒகஸ்தசு கீழைத்தேயப் பீங்கானிற் பெருவேட்கை கொண்டவன். அவனது ஆதரவில் பொற்கர் என்பவர் பீங்கான் செய்யும் மறையை ஆராய, 1710 ஆம் ஆண்டில் மைசன் நகரில் ஐரோப்பாவின் முதல் வன்பீங்கான் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அங்கே தொடக்க காலத்திற் செய்யப்பட்டவற்றுள் தெஹுவா மாதிரிகளைப் பின்பற்றிய குவான்யின் உருவங்களும் உள. முகம் சீன முகம். களி சக்சனிக் களி. கை ஜேர்மானியக் கை. இங்கிலாந்தின் செல்சித் தொழிற்சாலையும் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சீனத்து வெள்ளுருவங்களைப் பின்பற்றியது. ஆயின் அதன் பொருள் கண்ணாடிக் கலவை சேர்ந்த மென்பீங்கான். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பாரிசு நகரத்துச் சம்சொன் நிறுவனம் கீழைத்தேய, ஐரோப்பியப் பீங்கான்களின் படிகளைச் செய்வதிற் பெயர்பெற்றது. இவற்றையெல்லாம் ‘சீனத்துப் பொம்மை’ என்னும் ஒரு சொல்லால் அடக்குவோர், மூன்று நாட்டுத் தொழிலாளரின் உழைப்பை மறைத்தவராவர்.

உருவம் எதிர்த்திசையிலும் சென்றது. 1571 ஆம் ஆண்டில் மணிலாவைத் தம் தலைநகராக்கிய இசுப்பானியர், கன்னி மரியாளினதும் திருக்குழந்தையினதும் உருவங்களைச் சீனத் தந்தச் சிற்பிகளைக் கொண்டு செய்வித்தனர். தெஹுவாவை அடுத்த கரையோரப் பகுதியினரான அச்சிற்பிகள் செதுக்கிய மரியாளின் முகத்திற் குவான்யினின் சாயல் படிந்தது. குழந்தையை ஏந்தி, மகப்பேறு அருளும் குவான்யினின் வடிவம் மரியாளின் வடிவத்தோடு நெருங்கியிருத்தலுக்கு இத்தொடர்பும் காரணமாகலாம் எனக் கலை வரலாற்றாசிரியர் கருதுவர். யப்பானில் 1614 ஆம் ஆண்டிற் கிறித்தவம் நாடெங்கணும் தடைசெய்யப்பட்டபின், மறைந்து வாழ்ந்த கிறித்தவர் தெஹுவாவிலிருந்து வந்த வெண்பீங்கான் குவான்யின் உருவங்களையே மரியாளாகக் கொண்டு இரகசியமாக வழிபட்டனர். அவை ‘மரியா கன்னொன்’ எனப்பட்டன. களியும் சூளையும் கையும் ஒன்றே. ஆயினும் வழிபட்டோர் நெஞ்சத்தில் உருவம் வேறாயிற்று. இத்தகைய உருவத்தின் முகத்தை மட்டும் பார்த்து அதன் வரலாற்றை யாவரே கூறவல்லார்?

இவ்வுண்மைக்குச் சுவான்சௌ நகரமே வேறொரு சான்றும் தருகின்றது. தமிழ் வணிகர் அந்நகரில் எடுப்பித்த சிவன்கோயிலைக் குறிக்கும் தமிழ்க் கல்வெட்டு 1281 ஆம் ஆண்டுக்குரியது. அக்கோயிலைச் சார்ந்தனவாகக் கொள்ளப்படும் சிற்பங்கள் உள்ளூர்க் கல்லிற் செதுக்கப்பட்டவை. கருத்துத் தமிழருடையது, கல் சீனத்தது. உருவை மட்டும் கண்டு அவை தமிழகத்திலிருந்து மரக்கலத்தில் ஏற்றிச்செல்லப்பட்டன என்பார் எத்துணைத் தவறுவரோ, அத்துணையே தவறுவர் மைசன் குவான்யினைச் சீனத்தது என்பாரும். கிடைத்த இடத்தைப் பிறந்த இடமாகக் கொள்ளுதலும் இத்தகைய பிழையே. யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியிற் சொங் காலத்துச் சீனப் பீங்கான்கள் கிடைத்துள்ளன. அவை அவ்வூரிற் செய்யப்பட்டன என எவரும் கூறார். அவை கடல்வழி வந்த கதையையே ஆராய்வர்.

முத்திரை என்னும் உரையளவை

காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளுள் சிற்றுருவத்தின் அடியிற் காணும் முத்திரை உரையளவையின்பாற்படும். ஆப்தன் மொழியே உரையளவையாகும். முத்திரை எல்லாம் ஆப்தமொழியல்ல. ஹெ சாவோசொங்கின் முத்திரை அவர் காலத்துக்குப் பின்னரும் பலராற் பொறிக்கப்பட்டது. மிங், சிங் அரசர் பெயர்கள் பிற்காலப் பீங்கான்களிலும் எழுதப்பட்டன. அவற்றுட் சில வஞ்சகத்தால் எழுதப்பட்டன. சில முன்னோர்மேற் கொண்ட மதிப்பால் எழுதப்பட்டன.

சட்டத்தாற் பிறந்த முத்திரைகள் இவற்றினும் நம்பத்தக்கன. 1890 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிறைவேறிய மக்கின்லி சுங்கச் சட்டம், 1891 மார்ச்சு முதல் இறக்குமதிப் பொருள்களிற் பிறந்த நாட்டின் பெயரை ஆங்கிலத்திற் பொறிக்க வேண்டுமென விதித்தது. அதனால் யப்பானியப் பொருள்களில் ‘நிப்பொன்’ என்னும் சொல் 1921 வரை பொறிக்கப்பட்டது. அதன்பின் ‘யப்பான்’ என்னும் ஆங்கில வழக்குப் பெயர் இடம்பெற்றது. இரண்டாம் உலகப்போரின் பின் 1952 வரை நீடித்த அமெரிக்க ஆட்சிக் காலத்தில் ஏற்றுமதியான பல சிற்றுருவங்களில் ‘கைப்பற்றப்பட்ட யப்பானிற் செய்யப்பட்டது’ எனப் பொருள்படும் தொடர் காணப்படும். இவற்றுள் ஐரோப்பியச் சீமாட்டிகளின் உருவங்களும் உள. அவற்றின் முகம் ஐரோப்பிய முகம். கை யப்பானியக் கை. முத்திரை இல்லாமையைப் பழமைக்குச் சான்றாக்குதலும் தகாது. ஒட்டிய தாள் உரிந்துபோயிருக்கலாம். அச்சட்டம் செல்லாத நாட்டுக்கு அனுப்பப்பட்டதாயும் இருக்கலாம்.

தடையும் விடையும்

அழகிய பொருளின் பிறப்பை ஆராய்வதாற் பயன் யாது, கண்ணுக்கு இனியது எங்கே பிறந்தால் என்ன என வினவுவாரும் உளர். அவர் கூற்றில் ஒரு பாதி உண்மை உண்டு. படி என்பதனாலேயே ஒரு பொருள் இழிந்ததாகிவிடாது. மைசன் தொழிலாளர் தெஹுவா உருவத்தைப் பின்பற்றியது, கற்கும் மாணாக்கன் ஆசான் கையெழுத்தின்மேல் எழுதிப் பழகுவது போன்றதாகும். அதனைப் பழிப்பார் கலையின் வளர்ச்சியை அறியாதவர்.

மற்றப் பாதி பிழையாகும். தெஹுவாக் குவான்யினின் ஆடைமடிப்பை வியப்போன் எதனை வியக்கின்றான்? இளகி வீழவேண்டிய களியை வீழாமல் நிறுத்திய அறிவையன்றோ? அதே மடிப்பு வார்ப்புப் பிசினில் இருப்பின் அங்கு அவ்வறிவு தொழிற்படவில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாயினும் மதிப்பீட்டுக்கு இரண்டும் ஒன்றல்ல. பொருளறியாது செய்யும் பாராட்டு, யாப்பறியாது செய்யும் செய்யுட் பாராட்டை ஒத்தது. ஓசையிற் சொக்கி நிற்குமேயன்றிப் புலவனைச் சென்றடையாது.

அழகுக்கு அப்பாலும் இவ்வாராய்ச்சிக்குத் தேவையுண்டு. அருகிவரும் உயிரினங்களின் வாணிகம் பற்றிய உலக உடன்படிக்கை, 1989 ஆம் ஆண்டில் ஆபிரிக்க யானைத் தந்தத்தின் உலக வாணிகத்தைத் தடைசெய்யத் துணிந்தது. தந்த வாணிகத்தின் பெருஞ்சந்தையாயிருந்த சீனமும் தன் உள்நாட்டு வாணிகத்தை 2017 ஆம் ஆண்டின் முடிவில் நிறுத்தியது. புதிய தந்தம் பழைய தந்தமென்றும், யானைத்தந்தம் மாமத யானையின் தந்தமென்றும் பெயர் மாறி விற்கப்படுமிடத்து, தவறான பெயர் உயிர்க்கொலைக்குத் திரையாகின்றது. அத்திரையை நீக்கச் சில வேளைகளில் உதவுவது, உருவத்தின் அடியிற் காணும் சில வரிகளின் கோணமே.

ஆதலின் கீழைத்தேயச் சிற்றுருவமொன்றைக் கையிலெடுக்கும் மாணவர், அதன் பெயரைக் கூறுமுன் நிறையை உணர்க; முகத்தை நோக்குமுன் அடியை நோக்குக; முத்திரையைப் படிக்குமுன் களியைப் படிக்க. அவ்வாறு நோக்கியபின், பாரிசிலோ ஒசாக்காவிலோ செய்யப்பட்டது எனத் துணிந்தால், அதற்காக வருந்தவேண்டுவதில்லை. செய்தோனுக்கு உரிய பெயர் அவனுக்கே கிடைத்தது. தெஹுவாவின் சூளையிற் பிறந்தது எனத் துணிந்தாலோ, அடியினுள்ளே பதிந்து கிடக்கும் அவ்விரல் தடங்கள் பெயர் தெரியாத தொழிலாளி ஒருவனின் கையொப்பமாகும். எந்த முத்திரையிலும் இடம்பெறாத அவனை இனங்கண்டு போற்றுதல் திறனாய்வாளனின் முதற் கடன்.